மேட்டைப் பார்த்துப் பல்லை எண்ணுங்கள்: ஃபிக்சட் கியர் சைக்கிளும் முழங்காலும்

"படி இறங்கேக்க முழங்கால் குத்துது அக்கா. சமதரையில ஒண்டுமில்லை."

போன குளிர்காலத்தில் என்னிடம் வந்த இளைஞர் இப்படித்தான் ஆரம்பித்தார். யாழ்ப்பாணக் குடும்பம், பிறந்து வளர்ந்தது லண்டனில். வயது 26. ஹைகேட் மேட்டின் உச்சியில் வீடு, கிங்ஸ் கிராஸ் பக்கம் வேலை. கீழே விழவில்லை, ஓட்டப் பயிற்சி இல்லை, பழைய காயமும் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு சைக்கிள் வாங்கியிருந்தார், அவ்வளவுதான். ஃபிக்சட் கியர். "எத்தனை பல், தம்பி?" என்று கேட்டேன். தெரியவில்லை. வண்டி வாசலில் பூட்டியிருந்தது. இரண்டு பேரும் இறங்கிப் போய் எண்ணினோம். பெடலோடு சுற்றும் பற்சக்கரத்தில் 48 பல், பின்சக்கரத்தின் பற்சக்கரத்தில் 16. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று முன்பிரேக்கைக் கழற்றி வீட்டில் வைத்திருந்தார்.

லண்டனில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் நான், ஃபிக்சட் கியர் ஓட்டுகிறவர் முழங்கால் வலி என்று வந்தால் காலைத் தொடுவதற்கு முன் பல்லை எண்ணிவிடுவேன். காரணம் இருக்கிறது. சாதாரண சைக்கிளில் ஃப்ரீவீல் உண்டு. மிதிப்பதை நிறுத்தினால் கால் ஓய்வெடுக்கும், சக்கரம் தானாக உருளும். ஃபிக்சட் கியரில் பின்பல் சக்கரத்தோடு இறுக்கப்பட்டிருக்கும். சக்கரம் சுற்றுகிற வரை பெடலும் சுற்றும், காலும் சுற்றியே ஆக வேண்டும். மேடு வந்தாலும் பள்ளம் வந்தாலும் மாற்றிக்கொள்ள வேறு கியர் கிடையாது. மற்ற வண்டியில் தவறான கியரை ஒரு விரலால் திருத்திவிடலாம். இதில் அந்தத் தவறை நாள் முழுவதும் முழங்கால்தான் சுமக்கிறது.

கணக்கு எளிது. 48ஐ 16ஆல் வகுத்தால் 3. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் மூன்று சுற்று. 700×25 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். ஆக, ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி 6.3 மீட்டர் போகும். பிரிட்டிஷ் சைக்கிள் கிளப்புகளில் இதையே இஞ்சில் சொல்வார்கள். சக்கரத்தின் விட்டம் 27 இஞ்ச் என்று வைத்து, 3 × 27 = 81 இஞ்ச் கியர். பெரிய முன்சக்கரத்தை நேரடியாக மிதித்த 19ஆம் நூற்றாண்டு வண்டிகளின் காலத்துக் கணக்கு இது. அந்த முன்சக்கரத்தின் விட்டம்தான் அன்று கியர். ஒன்றரை நூற்றாண்டாகியும் அதே அளவுகோலில் பேசுகிறார்கள்.

81 இஞ்ச் கியரில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 34 கி.மீ. கேட்க நன்றாக இருக்கிறது. வாங்குகிறவர்கள் மனதில் இந்தச் சமதரை வேகம்தான் நிற்கிறது. ஆனால் முழங்காலுக்குச் சேதம் வருவது வண்டி மிக மெதுவாகப் போகும் இடத்தில்.

அந்தத் தம்பியின் வழியையே எடுத்துக்கொள்வோம். மாலையில் வேலை முடிந்து களைத்துப்போய் வரும்போது ஸ்வெய்ன்ஸ் லேன் ஏற வேண்டும். ஹைகேட் கல்லறைத் தோட்டத்தின் இரு பகுதிகளுக்கும் நடுவே போகும் சாலை அது. சரிவு சில இடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டும். ஆள், வண்டி, பை எல்லாம் சேர்ந்து 80 கிலோ என்று வைத்தால், 10 விழுக்காட்டுச் சரிவு அதில் 8 கிலோ அளவுக்கு வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். பெடலைத் தாங்கும் கைதான் கிராங்க். அது 170 மில்லிமீட்டர் நீளம் என்றால் பெடல் போகும் வட்டத்தின் சுற்றளவு 1.07 மீட்டர். பெடல் 1.07 மீட்டர் நகர்ந்தால் வண்டி 6.3 மீட்டர் நகர்கிறது, அதாவது 5.9 மடங்கு. அந்த 8 கிலோ பெடலுக்கு வரும்போது 47 கிலோவாகிவிடும். இது சராசரிதான். கிராங்க் நேர் மேலேயும் நேர் கீழேயும் இருக்கும்போது கால் தரும் விசை பெரும்பாலும் வீண் என்பதால், நடுவில் மிதிக்கும் கணத்தில் அழுத்தம் இதைவிட நிறைய ஏறும். ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்து, ஏறி நின்று மிதித்தால்தான் வண்டி நகரும்.

இன்னொரு விஷயத்தையும் பலர் கவனிப்பதில்லை. "மெதுவாக ஏறிக்கொள்கிறேன்" என்பார்கள். மெதுவாகப் போனால் மூச்சு வாங்குவது குறையும், பெடல் மேல் விழும் பாரம் குறையாது. அதைச் சரிவும் கியரும் ஏற்கனவே முடிவு செய்துவிட்டன. மெதுவாகப் போகப்போக அதே பாரத்தை முழங்கால் இன்னும் நீண்ட நேரம் தாங்கும், அவ்வளவுதான். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் அந்த மேட்டில் அவருடைய கேடன்ஸ், அதாவது நிமிடத்துக்கு மிதிக்கும் சுற்று, வெறும் 32. முழங்கால் சிப்பி தொடை எலும்போடு அழுந்திக்கொண்டே, நிமிடத்துக்கு 32 முறை, ஒவ்வொரு மாலையும்.

சமதரையிலும் இதே நியாயம்தான். 200 வாட் சக்தியை 60 சுற்றில் மிதித்துத் தரலாம், 90 சுற்றிலும் தரலாம். வேகம் ஒன்றுதான். ஆனால் 90இல் ஒவ்வொரு மிதியின் அழுத்தமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அந்த வேலையை நுரையீரலும் இதயமும் ஏற்றுக்கொள்கின்றன. அவை இரவில் தேறிவிடும். குருத்தெலும்பும் தசைநாணும் அவ்வளவு சீக்கிரம் தேறாது.

"பெரிய வீரர்கள் எல்லாம் பெரிய கியர்தானே போடுகிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1972இல் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டியது 52/14 கியரில், அதாவது முன்னால் 52 பல், பின்னால் 14. 2022இல் பிலிப்போ கன்னா சுவிட்சர்லாந்தின் கிரென்ஹென் சைக்கிள் ஓடுதளத்தில் 56.792 கி.மீ. ஓட்டியபோது முன்னால் 65 பல், பின்னால் 14. ஆனால் அவர்களுடைய கேடன்ஸைப் பாருங்கள். மெர்க்ஸ் நிமிடத்துக்கு 104 சுற்றுக்கு அருகில், கன்னா 96ஐ ஒட்டி. அந்தப் பெரிய கியரையும் வேகமாகச் சுற்ற முடிந்ததால்தான் அது அவர்களுக்குச் சரியான கியர். தளத்தில் மேடு இல்லை, சிக்னல் இல்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்புவது ஒரே ஒரு முறை. கிங்ஸ் கிராஸிலிருந்து ஹைகேட் போவதற்குள் நம் தம்பி இருபது முறை நின்று கிளம்புகிறார். ஒவ்வொரு முறையும் 81 இஞ்சைப் பூஜ்யத்திலிருந்து தள்ள வேண்டும்.

இங்குள்ள பழைய கிளப்காரர்கள் இதையெல்லாம் பட்டறிவில் தெரிந்து வைத்திருந்தார்கள். குளிர்காலம் முழுக்க 65 இஞ்ச் அளவில் ஃபிக்சட் ஓட்டிக் காலைப் பதப்படுத்துவது அவர்கள் வழக்கம். சீசன் தொடக்கத்தில் 72 இஞ்சைத் தாண்டக் கூடாது என்ற விதியோடு நேரப் போட்டிகளே நடத்துவார்கள். 72 என்பது 48/18. தம்பிக்கு நான் முதலில் சொன்னதும் அதுதான்: பின்பல்லை மட்டும் 18 ஆக்குங்கள். செலவு குறைவு, செயினில் கொஞ்சம் நீளம் கூட்ட வேண்டியிருக்கும். இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு முன்பல்லையும் 44 ஆக்கினோம். 44/18, 66 இஞ்ச். ஸ்வெய்ன்ஸ் லேனில் பெடல் மேல் வந்த 47 கிலோ இப்போது 38. சமதரையில் 90 சுற்றுக்கு மணிக்கு 27 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். நகரச் சாலையில் அதைவிட வேகம் எங்கே போகப் போகிறோம்? பின்னால் ஒரு பல் மாற்றினால் கியர் ஆறு விழுக்காடு போல மாறும், முன்னால் ஒரு பல் இரண்டு விழுக்காடுதான். நுட்பமாகச் சரிசெய்ய முன்பல், பெரிய மாற்றத்துக்குப் பின்பல்.

கேடன்ஸ் பார்க்கக் கருவி வேண்டாம். வலது முழங்கால் மேலே வருவதை 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். வழக்கமான சமதரையில் 80க்கும் 95க்கும் இடையில் நின்றால் நல்லது. 70க்குக் கீழேயே கிடந்தால் கியர் கனம். உங்கள் வழியின் மிக மோசமான மேட்டில் 50க்குக் கீழே போனால், அந்த மேட்டுக்காகவே பின்னால் இன்னொரு பல் கூட்டி லேசாக்குங்கள்.

லேசான கியருக்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். இறக்கத்தில் கால் பறக்கும். 44/18இல் மணிக்கு 40 கி.மீ. என்றால் 130 சுற்று. பழகாதவர் இருக்கையில் குதிக்கத் தொடங்குவார். பலர் இதற்குப் பயந்துதான் கனமான கியருக்குப் போகிறார்கள். வேகமாகச் சுற்றுவது பழகினால் வரும். காற்றில்லாத சமதரையில் ஒரு நிமிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, குதிக்கத் தொடங்கும் இடம் வரை போய், அங்கிருந்து சற்றுக் குறைத்து, அதையே அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு நாள் போதும். தோளும் கையும் தளர்ந்திருக்கட்டும். அதற்கு முன் இருக்கையின் உயரத்தைப் பாருங்கள். தாழ்வாக இருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். அதிக உயரமாக இருந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், வலி முழங்காலின் பின்பக்கம் போகும். தம்பியின் இருக்கையை 12 மில்லிமீட்டர் உயர்த்தினேன்.

இறக்கத்தில் வேகத்தைக் கட்டுவது எப்படி? இங்கேதான் முன்பிரேக் வருகிறது. பிரேக் இல்லாதவர் மேலே வரும் பெடலை எதிர்த்துக் காலை அழுத்துவார். முழங்கால் மடங்கிக்கொண்டே வரும்போது தொடைத்தசை அதை எதிர்த்து இழுபடுகிறது. தசையையும் தசைநாணையும் மிகவும் சோதிக்கிற வேலை இது. தம்பிக்குப் படி இறங்கும்போது வலித்ததற்கும் இதற்கும் உறவு உண்டு, படி இறங்குவதும் அதே தசையை அதே விதத்தில் இழுப்பதுதான். தினமும் மாலையில் மேட்டில் நசுக்கி, காலையில் இறக்கத்தில் இழுத்து, இரண்டு பக்கமும் அடி வாங்கியிருக்கிறது அந்த மூட்டு.

மூட்டை விடுங்கள், உயிரைப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்துக்குப் போகிறது. பின்சக்கரம் தரையில் லேசாகிவிடும். பின்சக்கரத்தை மட்டும் நம்பி நிற்பவருக்கு, முன்பிரேக் உள்ளவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் வேண்டும். பிரிட்டனில் 1983ஆம் ஆண்டு விதிகளின்படி பொதுச்சாலையில் ஓடும் ஃபிக்சட் கியர் வண்டிக்கு முன்பிரேக் கட்டாயம். 2016இல் லண்டனில் முன்பிரேக் இல்லாத ஓடுதள வண்டி மோதி, சாலையைக் கடந்த ஒரு பெண் இறந்தார். ஓட்டிய இளைஞருக்கு 18 மாதச் சிறைக்காவல். இரண்டு குடும்பங்கள். ஒரு கேபிள், ஒரு லீவர், இரண்டு ரப்பர் கட்டை இருந்திருந்தால் என்று நான் இன்னும் நினைக்கிறேன். அடுத்த முறை வரும்போது பிரேக்கைப் பூட்டிவிட்டு வந்தால்தான் பார்ப்பேன் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். பூட்டிக்கொண்டு வந்தார்.

பல் மாற்றும்போது ஒன்று கவனியுங்கள். பின்பல்லைப் பிடித்திருக்கும் பூட்டுவளையத்துக்கு இடமரை. அது இறுகியிருக்கவில்லை என்றால், பின்னழுத்தம் கொடுக்கும்போது பல் கழன்று சுழலும். சந்தேகமிருந்தால் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். முழங்கால் வீங்கினாலோ, மடங்கிய நிலையில் சிக்கிக்கொண்டாலோ, இரவில் ஓய்விலும் வலித்தாலோ பல் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது வேறு கதையாக இருக்கலாம்.

எட்டாவது வாரம் தம்பி வந்தபோது படியில் வலி இல்லை. தொடைக்கான பயிற்சிகளையும் ஒழுங்காகச் செய்திருந்தார். ஹெர்ன் ஹில் ஓடுதளத்தில் சனிக்கிழமை பழகப் போவதாகச் சொன்னார். 1891இல் திறந்த தளம், 1948 ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த இடம். "அங்க தாற வண்டியில பிறேக் இல்லையாம் அக்கா, பரவாயில்லையா?" என்று கேட்டார். அங்கே பரவாயில்லை என்றேன். எல்லோரும் ஒரே திசையில் போவார்கள், யாருக்கும் பிரேக் இருக்காது, அதனால் முன்னால் போகிறவர் திடீரென்று நிற்கவும் முடியாது. கியர் எத்தனை என்று மட்டும் ஏறுவதற்கு முன் எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.