ஹாட் யோகா: சூடா, வெப்பமா, புழுக்கமா?

சூடாக்கிய அறையில் செய்யும் ‘ஹாட் யோகா’வைத் தமிழாக்கிய ‘சூடான யோகா’ என்ற தொடர் செயலிகளில், வகுப்பு அறிவிப்புகளில், உடல்நலக் கட்டுரைகளில் என எங்கும் நிரம்பிவிட்டது. தமிழில் ‘சூடான’ என்று அடை போட்டால், அதை அடுத்து வரும் பொருள் சுட வேண்டும். சூடான பால், சூடான இரும்பு. அப்படி இல்லையென்றால் அது சூடான விவாதம், சூடான செய்தி. யோகா எங்கே சுடுகிறது? சுடுவது அறை. அந்த அறை பெயரில் இல்லவே இல்லை.

‘சூட்டு யோகா’ இன்னும் மோசம். தமிழருக்கு உடல் சூடு என்பது வாய்ப்புண்ணும் கண்ணெரிச்சலும் தரும் ஒரு கோளாறு. ‘சூட்டு யோகா’ என்று படித்தவர், “இது உடம்புச் சூட்டைத் தணிக்குமா?” என்று கேட்டால் அவர்மேல் குற்றமில்லை. சூட்டைத் தணிப்பதாக நினைத்துப் போய் நிற்கும் இடமோ 40 டிகிரி அறை.

சொல் வரலாற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். யோகம் என்பது ‘யுஜ்’ என்னும் வடமொழி வேரிலிருந்து வந்தது. பிணைத்தல், நுகத்தில் பூட்டுதல் என்று பொருள். திருமூலர் காலத்திலேயே தமிழுக்குள் வந்துவிட்டது. ‘ஓகம்’ என்று எழுதுவோரும் உண்டு, எழுதட்டும். ‘யோகம்’ என்று எழுதினால் அதிர்ஷ்டமும் சாதகக் கட்டமும் கூடவே வந்து நிற்கும் என்பதால், ‘யோகா’ இருக்கட்டும் என்பதே என் கட்சி. சண்டை முன்னால் வரும் சொல்லைப் பற்றித்தான்.

இந்த முறையைப் பரப்பியவர் கொல்கத்தாவில் பிறந்து, 1970களில் அமெரிக்காவில் பயிற்சிக் கூடம் நடத்தத் தொடங்கிய பிக்ரம் சௌத்ரி. 26 ஆசனங்கள், 2 மூச்சுப் பயிற்சிகள், 90 நிமிடம். அறை வெப்பநிலை 105 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 40.5 செல்சியஸ்; காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காடு. அந்த வரிசைக்கு அவர் கோரிய பதிப்புரிமை செல்லாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. அவர்மீது பாலியல் குற்றச்சாட்டுகளும் வழக்குகளும் எழுந்த பிறகு பல கூடங்கள் அவர் பெயரைக் கழற்றிவிட்டு, ‘ஹாட் யோகா’ என்ற பொதுப்பெயருக்கு மாறின. இன்று அந்தப் பெயரின் கீழ் 32 டிகிரியில் நடக்கும் வின்யாசா வகுப்பும், அதாவது மூச்சோடு இணைத்து ஆசனங்களைத் தொடர்ச்சியாகச் செய்யும் வகுப்பும், அடக்கம்.

சற்றுக் கவனமாக எழுதுபவர்கள் ‘வெப்ப யோகா’ என்கிறார்கள். இவர்களோடுதான் வழக்கு. வெப்ப அலை, வெப்ப மண்டலம் எல்லாம் இருக்கும்போது வெப்ப யோகா ஏன் கூடாது என்பது அவர்கள் வாதம். வெப்ப அலை என்பது வெப்பத்தாலான அலை. வெப்ப மண்டலம் என்பது வெப்பம் மிகுந்த மண்டலம். அந்தக் கணக்கில் வெப்ப யோகா என்றால் வெப்பம் யோகாவிலேயே இருக்க வேண்டும், அதாவது வெப்பத்தை உண்டாக்கும் யோகா என்றாகும். அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. திபெத்தியத் துறவிகள் கடுங்குளிரில் மூச்சாலும் மனத்தாலும் உள்வெப்பம் எழுப்பும் ‘தும்மோ’ பயிற்சிதான் அது. பெயர் அதற்குப் பொருந்தும், அங்கே கொடுங்கள். இங்கே வெப்பத்தை உண்டாக்குவது சுவரோரத்தில் இருக்கும் ஹீட்டர்.

அதோடு, வெப்பம் என்பது அளவைச் சொல்லாத இயற்பியல் சொல். பனிக்கட்டிக்கும் வெப்பநிலை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வெப்பம் பாதிச் செய்தியைத்தான் சொல்கிறது. இந்த அறையை மற்ற சூடான இடங்களிலிருந்து பிரிப்பது ஈரப்பதம். உலர்ந்த காற்றில் வியர்வை தோலில் நிற்காமல் காய்ந்துவிடும். காயும்போதுதான் உடலைக் குளிர்விக்கும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். சொட்டி விரிப்பில் விழுந்தால் கிட்டத்தட்ட எதையும் எடுக்காது. 40.5 டிகிரியும் 40 விழுக்காடு ஈரமும் சேர்ந்தால் உடலுக்கு அது ஏறக்குறைய 50 டிகிரி போலிருக்கும். ஆட்கள் நிறைந்த வகுப்பில் அவர்களின் மூச்சும் வியர்வையும் சேர்ந்து ஈரம் இன்னும் ஏறும். கதவு மூடிய அரை மணியில் கண்ணாடிச் சுவரில் நீர் வழிவது அதனால்தான்.

வெப்பமும் ஈரமும் கூடி, காற்று அசையாமல், வியர்வை காயாமல் நிற்கும் நிலைக்குத் தமிழில் பழுத்த சொல் ஒன்று காத்துக் கிடக்கிறது: புழுக்கம். புழுக்குதல் என்றால் அவித்தல். ‘வெயில் அடிக்கிறது’ என்பதற்கும் ‘புழுங்குகிறது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு குழந்தைக்கும் தெரியும். வெக்கை அந்த இடத்துக்கு வராது. அது நிலமும் சுவரும் திருப்பிக் கக்கும் சூடு. அனல் நெருப்பைச் சேர்ந்தது. ‘அனல் யோகா’ என்றால் ஐந்து தீ நடுவே தவமிருப்பவர்தான் நினைவுக்கு வருவார். ஆகவே ‘புழுக்க அறை யோகா’. சேர்த்து ‘புழுக்கறை’ என்று எழுதத் தோன்றும். ஆனால் கண் அதைப் ‘புழு’ என்றும் ‘கறை’ என்றும் பிரித்துப் படித்துவிடும். இடம் விட்டே எழுதுங்கள்.

நீளம் என்று குறை சொல்வார்கள். நீளமான பெயர் எச்சரிக்கையையும் சுமக்கிறது. புழுக்கம் என்று கேட்டவர் தண்ணீர் இல்லாமல் போகமாட்டார். புதியவர் வகுப்புக்கு 2 மணி நேரம் முன்பே அரை லிட்டர் குடித்திருக்க வேண்டும். வாசலில் நின்று மொத்தமாகக் குடித்தால் முன்வளையும்போது குமட்டும். கனமான உணவு முடிந்து 2, 3 மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். விரிப்பின் மேல் அதே நீளத்துக்குத் துண்டு விரிக்காவிட்டால், 20 நிமிடத்தில் பாதம் வழுக்கும். வியர்வையை ஓயாமல் துடைக்கக் கூடாது, துடைத்தது ஆவியாகாது. முதல் வகுப்பில் ஆசனம் எதுவும் சரியாக வராவிட்டாலும் அறையில் இருந்து மூக்கால் மூச்சு விட்டாலே போதும். தலை சுற்றினால் உட்காரலாம், படுக்கலாம். உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். அதற்குப் பிறகு வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்புக் குறையும். கருவுற்றவர்கள், இதய நோயாளிகள், முன்பு வெப்பத் தாக்கு வந்தவர்கள், சிறுநீர் பிரிக்கும் மாத்திரையோ, இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கும் பீட்டா பிளாக்கரோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உள்ளே போகவே கூடாது.

மொழிபெயர்ப்பாளர்கள் பெயரோடு நிறுத்தினால் பரவாயில்லை. ‘டீடாக்ஸ்’ என்பதை ‘நச்சு நீக்கம்’ என்று பெயர்த்து, வியர்வையில் நஞ்சு வெளியேறுவதாக எழுதிவிடுகிறார்கள். வியர்வையில் 99 விழுக்காடு தண்ணீர், மிச்சத்தில் பெரும்பாலும் உப்பு. நஞ்சைப் பார்த்துக்கொள்வது கல்லீரலும் சிறுநீரகமும். வகுப்பு முடிந்து எடை ஒரு கிலோ குறைந்திருந்தால் போனது கொழுப்பல்ல, ஒரு லிட்டர் நீர். அதை அடுத்த சில மணி நேரத்தில் உப்போடு திருப்பித் தர வேண்டும். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி, அதுவே ஆபத்தாகும்.

இதைவிடக் கொடுமை ‘முழங்காலைப் பூட்டவும்’. ஒற்றைக் காலில் நின்று மற்றப் பாதத்தைப் பிடிக்கும் ஆசனத்தில் ஆங்கிலத்தில் ஓயாமல் சொல்லும் கட்டளையை அப்படியே இறக்கிவிட்டார்கள். படித்தவர் மூட்டைப் பின்பக்கம் தள்ளி நிற்பார். எடை முழுவதும் பின்புறத் தசைநாரில் விழும். சூட்டில் தசை இளகியிருப்பதால் வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்காது, மறுநாள் தெரியும். கட்டளையின் பொருள் வேறு: தொடையின் முன்தசையை இறுக்கி, முழங்கால் சில்லை மேலே இழு. ‘தொடையை இறுக்கு’ என்றால் முடிந்தது.

‘கூல் டவுன்’ என்பதைக் ‘குளிர்தல்’ என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். அந்த அறைக்குள் எதுவும் குளிராது. உடல் ஆறுவது வெளியே வந்த பிறகுதான். கடைசிச் சவாசனத்தில் இரண்டு மூன்று நிமிடம் கிடந்து, வலப்பக்கம் திரும்பி, கையூன்றி உட்கார்ந்து, பிறகு மெல்ல எழ வேண்டும். தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும் நேரம் அது. சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். இடையிலேயே புல்லரித்தாலோ வியர்வை நின்றாலோ பேச்சு குழறினாலோ சவாசனத்துக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே வெளியேறி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். பேச்சு குழறியிருந்தால் ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள்.