அமெரிக்காவில் விலைபோகாத டாலர் காசு

2011 டிசம்பரில் அமெரிக்க அரசு தன் ஒரு டாலர் நாணயத்தைப் புழக்கத்துக்கு அடிப்பதை நிறுத்தியது. மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் பெட்டகங்களில் அப்போதே சுமார் 140 கோடி டாலர் காசுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. ஒன்றுகூடக் கள்ளக்காசு இல்லை, தேய்ந்ததும் இல்லை. மக்கள் கையில் வாங்கத் தயாராக இல்லை, அவ்வளவுதான்.

அவற்றில் பெரும்பகுதி மறைந்த அதிபர்களின் நினைவாக வெளியிடப்பட்டவை. 2005-இல் போட்ட சட்டப்படி, 2007 முதல் ஆண்டுக்கு நான்கு அதிபர்கள் வீதம் காசில் ஏறினார்கள். முதலில் வாஷிங்டன். இறந்து இரண்டு ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. 1999-இல் தொடங்கிய 50 மாநிலக் கால் டாலர் வரிசையை மக்கள் விழுந்து விழுந்து சேகரித்தார்கள். அதே வேகம் டாலர் காசுக்கும் வரும், அப்படியே கடைத்தெருவிலும் புழங்கத் தொடங்கிவிடும் என்று அரசு நம்பியது. இந்த இரண்டு ஆசையும் ஒன்றுக்கொன்று ஆகாதவை என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை போல. ஆல்பத்துக்குள் போன காசு கல்லாப்பெட்டிக்கு வராது.

டாலர் காசுக்கு இது முதல் அடியும் அல்ல. 1979-இல் பெண்கள் வாக்குரிமைப் போராளி சூசன் பி. ஆன்டனியின் முகத்தோடு ஒரு டாலர் காசு வந்தது. விட்டம் 26.5 மில்லிமீட்டர். கால் டாலரின் விட்டம் 24.26. நிறமும் அதே வெள்ளை, விளிம்பில் அதே வரி வரியான வெட்டு. அவசரத்தில் 25 சென்ட் என்று நினைத்து ஒரு டாலரை நீட்டிவிடுவார்கள் என்ற பயத்திலேயே அது ஒதுங்கிப்போனது. விரும்பி ஏற்றுக்கொண்டவை விற்பனை எந்திரங்களும், பேருந்து, ரயில் கட்டணப் பெட்டிகளும்தான்.

அடுத்த காசு வடிவமைக்கும்போது இதனால் ஒரு சிக்கல் வந்தது. மனிதர் கண்ணுக்கு அது வேறு காசாகத் தெரிய வேண்டும்; எந்திரத்துக்கோ பழைய காசாகவே தெரிய வேண்டும். இல்லையென்றால் நாடு முழுக்க உள்ள எந்திரங்களை மாற்றியாக வேண்டும்.

காசு போடும் எந்திரம் காசின் முகத்தைப் பார்ப்பதில்லை. துளை வழியே உருண்டு வரும் காசு ஒரு கம்பிச்சுருளைக் கடக்கிறது. சுருளில் மாறுதிசை மின்னோட்டம் ஓடுவதால் அதைச் சுற்றியுள்ள காந்தப்புலம் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறுகிறது. அதற்குள் உலோகம் நுழைந்ததும் உலோகத்தினுள்ளே மின்சாரம் வளையம் வளையமாகச் சுற்றத் தொடங்கும். சுழல் மின்னோட்டம் என்று பள்ளிப் பாடத்தில் படித்தது இதைத்தான். அது தன் பங்குக்கு ஓர் எதிர்க் காந்தப்புலத்தை எழுப்பி, சுருளின் மின்னோட்டத்தை லேசாக அசைத்துவிடுகிறது. எவ்வளவு அசைகிறது என்பது காசின் அளவையும் உலோகம் மின்சாரத்தை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது என்பதையும் பொறுத்தது. அதிர்வெண் கூடினால் இந்தச் சுழற்சி மேல்தோலோடு நின்றுவிடும். குறைந்தால் ஆழமாக இறங்கும். ஆகவே வெவ்வேறு அதிர்வெண்களில் சோதித்தால் மேலே என்ன உலோகம், நடுவில் என்ன உலோகம் என்பது வரை எந்திரம் கண்டுபிடித்துவிடும்.

ஆன்டனி காசின் நடுவில் செம்பு, மேலே செம்பும் நிக்கலும் கலந்த தகடு. புதிய காசு பொன்னிறமாக வேண்டும் என்றால் பித்தளை போடலாம். ஆனால் சாதாரணப் பித்தளை மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும், எந்திரம் துப்பிவிடும். இங்கேதான் மாங்கனீசு கைகொடுத்தது. மேல்தகட்டில் 77 சதவீதம் செம்பு, 12 சதவீதம் துத்தநாகம், 4 சதவீதம் நிக்கல், கூடவே 7 சதவீதம் மாங்கனீசு. மாங்கனீசு சேர்ந்ததும் கடத்துத்திறன் சரிந்து, செம்பு-நிக்கல் தகட்டின் அளவுக்கு வந்து நின்றது. விட்டமும் 8.1 கிராம் எடையும் பழையபடியே. வெட்டு இல்லாத வழவழப்பான விளிம்பு, தங்க நிறம், குழந்தையைச் சுமக்கும் சகாகவியா என்ற பழங்குடிப் பெண்ணின் உருவம் என்று 2000-இல் வெளிவந்த அந்தக் காசை எந்திரங்கள் ஆன்டனி என்றே நம்பி வாங்கிக்கொண்டன. கைபட்டுக் கைபட்டுச் சீக்கிரமே பழுப்பேறிவிடும் என்பதுதான் குறை. அதிபர் காசுகளும் இதே கலவையில் அடித்தவைதான்.

உலோகவியல் ஜெயித்தது. காசு தோற்றது.

புழக்கத்துக்குத் தள்ள நாணயச்சாலை 2008-இல் ஒரு வழி பார்த்தது: இணையத்தில் முகவிலைக்கே டாலர் காசு வாங்கலாம், அனுப்பும் செலவும் அரசுடையது. விமானப் பயணப் புள்ளிகள் தரும் கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். வந்த பெட்டியைப் பிரிக்காமலே வங்கியில் கட்டி, அந்தப் பணத்தால் கார்டு பாக்கியை அடைத்தார்கள். கைக்காசு செலவில்லாமல் விமான டிக்கெட்! காசுகள் நேராக ஃபெடரல் ரிசர்வுக்கே திரும்பிப் போயின. 2011-இல் கார்டு மூலம் வாங்குவதை நிறுத்திய பிறகுதான் அந்த விளையாட்டு ஓய்ந்தது.

கனடாவில் கதையே வேறு. 1987-இல் டாலர் காசை வெளியிட்டார்கள். 1989-இல் ஒரு டாலர் நோட்டை நிறுத்திவிட்டார்கள். பிரிட்டனும் 1983-இல் பவுண்டு காசு கொண்டுவந்து, 1988-இல் நோட்டைத் திரும்பப் பெற்றது. முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அமெரிக்கா நோட்டை நிறுத்தவில்லை. ஒரு கிராம் எடையுள்ள நோட்டு பக்கத்திலேயே கிடைக்கும்போது எட்டு கிராம் காசை யார் சுமப்பார்கள்?

சரி, அமெரிக்காவும் நோட்டை நிறுத்திவிட்டால் என்ன? காசு முப்பது ஆண்டுகூட உழைக்கும், நோட்டு சில ஆண்டில் கிழியும், எனவே காசுதான் மிச்சம் என்பார்கள். கணக்கு அப்படி வரவில்லை. நாடாளுமன்றத்துக்காக அரசின் வரவு செலவை ஆராயும் ஜி.ஏ.ஓ. அலுவலகம், நோட்டை நிறுத்தினால் 30 ஆண்டில் 550 கோடி டாலர் லாபம் என்று 2011-இல் சொன்னது. ஆனால் அந்த லாபம் அச்சுச் செலவு குறைவதால் வருவதல்ல.

நாணயச்சாலை ஒரு டாலர் காசை ஒரு டாலருக்கே மத்திய வங்கிக்கு விற்கிறது. அடக்கவிலை போக மீதி அரசுக்கு வரவு. அந்த அளவுக்குக் கடன் வாங்க வேண்டாம், வட்டி மிச்சம். நோட்டிலும் அரசுக்கு இதே மாதிரி ஆதாயம் உண்டு. ஆனால் காசு சட்டைப்பையிலிருந்து வீட்டு உண்டியலுக்குப் போய்த் தூங்கிவிடுகிறது. அதனால் ஒரு நோட்டின் இடத்தை நிரப்ப ஒன்றரை காசு தேவைப்படும் என்று ஜி.ஏ.ஓ. கணக்கிட்டது. அந்தக் கூடுதல் அரைக் காசில்தான் லாபம் முழுதும் இருந்தது. உண்டியலில் தூங்கும் ஒவ்வொரு டாலரும் மக்கள் அரசுக்குக் கொடுத்த வட்டியில்லாக் கடன். இதைச் சிக்கனம் என்று அழைப்பது எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது.

2019-இல் அதே அலுவலகம் மறுபடி கணக்குப் போட்டபோது, லாபம் போய் நஷ்டம் வந்து நின்றது: 30 ஆண்டில் 61 கோடி முதல் 260 கோடி டாலர் வரை. 2011-இல் 3.3 ஆண்டாக இருந்த ஒரு டாலர் நோட்டின் சராசரி ஆயுள் 7.9 ஆண்டாக உயர்ந்திருந்ததுதான் முக்கியக் காரணம். நோட்டுகளைத் தரம்பிரிக்கும் எந்திரங்களின் உணரிகள் மேம்பட்டதால், நல்ல நோட்டுகள் வீணாகக் கிழிபடுவது குறைந்தது. மக்களும் மின்னணுப் பரிமாற்றத்துக்கு நகர்ந்ததால் நோட்டு முன்போலக் கைமாறுவதில்லை. ஒரு டாலர் நோட்டு ஒன்றரை ஆண்டுகூடத் தாங்காத 1980-களில், கனடாவோடு சேர்ந்தே இதைச் செய்திருந்தால் பலன் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். இன்று செய்வதில் அர்த்தமில்லை.

நாணயச்சாலை மட்டும் ஓயவில்லை. 2018 முதல் மாநிலத்துக்கு ஒன்றாகக் கண்டுபிடிப்பாளர்களையும் கண்டுபிடிப்புகளையும் போற்றும் டாலர் காசுகளை வெளியிடுகிறது. வரிசை 2032 வரை ஓடும். கலிஃபோர்னியாவின் முறைக்கு ஸ்டீவ் ஜாப்ஸைத் தேர்ந்திருக்கிறார்கள். எல்லாம் சேகரிப்பாளர்களுக்கு மட்டும், ஒரு டாலருக்கு மேற்பட்ட விலையில்.