ஸ்டியரிங் பார்ட்ஸுக்கு குரோம் போடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்

போன வாரமும் ஒரு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், அதான் அந்தப் பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், வந்துச்சு. டை ராட், ஸ்டியரிங் ஆர்ம், முன் வீலைத் தாங்கற வெர்ட்டிகல் லிங்க்னு எல்லாத்துக்கும் குரோம் போட்டு கல்யாண மாப்பிள்ளை கணக்கா நிக்குது. ஏன் சார் இப்படின்னு ஓனரைக் கேட்டா, ரீஸ்டோர் பண்ணியாச்சு, இனிமே ஸ்டியரிங் பத்தி கவலையே இல்லைங்கறார். எனக்கு வந்த கோவத்துக்கு முதல்ல டீ குடிச்சுட்டு வந்துதான் பேசினேன்.

பளபளப்பு வேற, பலம் வேற சார். குரோம் போடறதுக்கு முன்னாடி துரு போக ஆசிட்ல முக்குவாங்க, அப்புறம் தொட்டியில தொங்கவிட்டு கரண்ட் குடுப்பாங்க, ரெண்டு இடத்துலயும் ஹைட்ரஜன் உண்டாகி ஸ்டீலுக்குள்ள புகுந்துடும். ஸ்டீல் எவ்வளவு கடினமோ அவ்வளவு ஆபத்து. வளையாது, ஆட்டம் காட்டாது, திடீர்னு ஒரு நாள் படக்குனு முறியும். விமான பார்ட்ஸ்னா பிளேட்டிங் முடிஞ்ச கையோட ஓவன்ல 190 டிகிரிக்குப் பக்கத்துல பல மணி நேரம் வெச்சு ஹைட்ரஜனை வெளியேத்துவாங்க. பம்பருக்கு பாலிஷ் போடற கடையில யாரு அதைச் செய்யப்போறா? "பழைய வண்டின்னாலே குரோம்தானே"ன்னு ஒரு வாதம் வேற. கம்பெனி குரோம் போட்டது பம்பருக்கும் கதவு கைப்பிடிக்கும். பம்பர் உடைஞ்சா பம்பரோட போச்சு, ஸ்டியரிங் ஆர்ம் உடைஞ்சா?

பஃபிங் கூத்து தனி. பூச்சு வழவழன்னு வரணும்னு துருக்குழியெல்லாம் மறையற வரைக்கும் இரும்பைத் தேய்ச்சு எடுத்துடறாங்க. முடி மாதிரி மெல்லிசா ஹேர்லைன் கிராக் இருந்தா அதுக்கு மேலயே பூச்சு ஏறிடுது, அப்புறம் எந்த மெக்கானிக் கண்ணுக்கும் படாது.

சரி, என்னதான் பண்றது? கழட்டி சுத்தமா கழுவி, சிவப்பு சாயம் அடிச்சு கிராக் டெஸ்ட் பாருங்க. கோடு தெரிஞ்சா தூக்கிப் போடுங்க, வெல்டிங் வைக்கவே வைக்காதீங்க. நல்லா இருந்தா பிரைமர், மெல்லிசா கருப்பு பெயிண்ட், அவ்வளவுதான். பால் ஜாயிண்ட் உக்கார்ற டேப்பர்லயும் (கூம்பு ஓட்டை) மரையிலயும் பெயிண்ட் படவே கூடாது, நாளாக நாளாக பெயிண்ட் நசுங்கி நட்டு லூசாயிடும். நைலாக் நட்டு, காட்டர் பின் ரெண்டும் புதுசு போடுங்க, அதுல என்ன மிச்சம் பிடிக்கப் போறீங்க.

இன்னொண்ணு, ஸ்பிட்ஃபயருக்கும் நம்ம வண்டலூர்ல தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் முன்பக்கம் ஒரே வம்சம், அதனால ஹெரால்டு வெச்சிருக்கவங்களும் கேளுங்க. வெர்ட்டிகல் லிங்க்கோட அடி மரை ட்ரனியன்ங்கற மூட்டுக்குள்ள இறங்கி இருக்கும், ஸ்டியரிங் திருப்பினா அந்த மரைதான் திரும்புது. அதுக்கு கிரீஸ் கிடையாது, ஈபி 90 கியர் ஆயில். நிப்பிள் இருக்கேன்னு கிரீஸ் அடிச்சா அது கெட்டியாகி மரைக்குப் போகற வழியை அடைச்சுடும், உள்ள தண்ணி தங்கி துரு அரிச்சு லிங்க் முறிஞ்சு வீல் மடங்கிப் படுத்துடும். மேல கசியற வரைக்கும் ஆயில் அடிங்க. வண்டியோட ஒரு பக்க ட்ரனியன் வலது மரை, மறுபக்க ட்ரனியன் இடது மரை, கழட்டும்போதே குறி போட்டு வைங்க.

ஏற்கனவே குரோம் போட்டுட்டீங்கன்னா தயவுசெஞ்சு அந்தப் பார்ட்ஸை ஷோகேஸ்ல வெச்சுட்டு வண்டிக்கு வேற மாட்டுங்க. அதுவரைக்கும் ஈசிஆர் பக்கம் வண்டியை எடுக்காதீங்க.