சீரியல் எழுதினவங்களுக்கு ஓடிடி வருமானத்துல பங்கு உண்டு, அக்ரிமெண்ட்ல எழுதிக் கொடுத்திருந்தாலும்

சீரியலுக்கு கதை வசனம் எழுதுறவங்க நிறைய பேர் எபிசோடுக்கு இவ்ளோன்னு பேசி வாங்கினதோட கணக்கு முடிஞ்சதுன்னு இருந்துடுறாங்க. ஆனா அதே எபிசோடு டிவில முடிஞ்சப்புறம் ஓடிடில வருசக்கணக்கா ஓடுது, யூடியூப்லயும் ஓடுது, அதுல வர்ற காசுல எழுதினவருக்கும் பங்கு இருக்குன்னு சட்டமே சொல்லுது.

1957 காப்பிரைட் சட்டத்தை 2012ல திருத்தினாங்க, அந்த வருசம் ஜூன் 21லேர்ந்து அமல். அப்போ ராஜ்யசபாவுல இருந்த, இந்திப் படங்களுக்குப் பாட்டு எழுதுற ஜாவேத் அக்தர் இதுக்காக விடாம பேசினாரு. அதனாலயோ என்னவோ இது பாட்டு எழுதுறவங்களுக்கு மட்டும்னு ஒரு நினைப்பு பரவிடுச்சு, அது தப்பு. படத்துல சேர்ற எழுத்து எல்லாத்துக்கும்தான் சட்டம், படம்னு அது சொல்றதுல வீடியோவும் அடக்கம், அதனால சீரியலும் வெப் சீரிஸும் உள்ள வந்துடும்.

முக்கியமானது 18வது பிரிவு. தியேட்டர்ல படமா ஓட்டுறதைத் தவிர வேற எந்த வழியில உங்க எழுத்தைப் பயன்படுத்தினாலும் அதுக்கு வர்ற ராயல்டியை, அதாவது பயன்படுத்துறதுக்கான பணத்தை, உரிமை வாங்கினவரும் நீங்களும் சமமா பிரிச்சுக்கணும். இந்தப் பங்கை நீங்களே நினைச்சாலும் விட்டுக்கொடுக்க முடியாது, வாரிசுக்கோ, ராயல்டியை வசூல் பண்ணி பிரிச்சுக் கொடுக்குற காப்பிரைட் சொசைட்டிக்கோ மட்டும்தான் மாத்தலாம். "எல்லா உரிமையும், எல்லா மீடியமும், உலகம் முழுக்க, நிரந்தரமா, இனி ராயல்டி கேக்க மாட்டேன்"னு ஒரு பாரா இருக்கும் பாருங்க, அதுல அந்த ராயல்டி வரி மட்டும் செல்லாது. உரிமையை வித்தது வித்ததுதான், பங்கு மட்டும் உங்களோடது. பணத்துக்கு அவசரப்பட்டு கையெழுத்து போடுறவங்களை மனசுல வச்சுதான் இப்படி எழுதியிருக்காங்கன்னு நான் நம்புறேன்.

19வது பிரிவையும் பாத்துக்கோங்க. காலம் எழுதலைன்னா உரிமை போறது 5 வருசத்துக்குத்தான், ஏரியா எழுதலைன்னா இந்தியாவுக்கு மட்டும். 18வது பிரிவுல இன்னொண்ணும் இருக்கு, அக்ரிமெண்ட் போட்ட நேரத்துல புழக்கத்துலயே இல்லாத மீடியம்னா, அதை பேர் சொல்லி எழுதியிருந்தாத்தான் அந்த உரிமை அவங்களுக்குப் போகும்.

சிக்கல் வசூல்லதான் இருக்கு. பாட்டுக்கு ஐபிஆர்எஸ்ங்கிற காப்பிரைட் சொசைட்டி வசூல் பண்ணி பிரிச்சுக் கொடுக்குது, கதை வசனத்துக்கு அந்த அளவுக்கு இன்னும் நடக்கலை. ராயல்டியை எப்படி கணக்குப் போடணும்னும் அந்தப் பிரிவுல இல்ல, ஓடிடிக்கு மொத்தமா வித்துட்டா எபிசோடுக்கு எவ்ளோன்னு வெளிய யாருக்கும் தெரியாது. அமெரிக்காவுல எழுத்தாளர் சங்கம் 2023ல 148 நாள் ஸ்ட்ரைக் பண்ணினதுல இதுவும் ஒரு பெரிய காரணம். முடிவுல, ஓடிடிக்குன்னே எடுத்த பெரிய பட்ஜெட் சீரிஸோ படமோ முதல் 90 நாள்ல உள்நாட்டு சந்தாதாரர்கள்ல 20 சதவீதம் பேர் பாக்குற அளவுக்கு ஓடினா போனஸ்னு வாங்கினாங்க, பார்வைக் கணக்கையும் சங்கத்துக்குக் காட்டணும்னு வந்துச்சு. இங்க சட்டம் கையில இருக்கு, அந்தக் கணக்குதான் வெளிய வர மாட்டேங்குது, சங்கமா சேர்ந்து கேட்டாத்தான் வரும்.

அதுவரைக்கும் அக்ரிமெண்ட் காப்பி, நீங்க அனுப்பின ஸ்கிரிப்ட் மெயில், உங்க பேர் வர்ற டைட்டில் கார்டு, எந்த ஓடிடில எப்போலேர்ந்து ஓடுதுங்கிற ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் பத்திரமா வைங்க. காப்பிரைட் பதிவு கட்டாயம் இல்ல, பண்ணினா நல்ல சாட்சி. எழுதினவர் காலத்துக்கு அப்புறமும் 60 வருசம் உரிமை இருக்கு, அதனால இந்த ஃபைல் எங்க இருக்குன்னு வீட்ல இருக்கறவங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும்.