களிமண் தரை அல்ல, செங்கற்பொடித் தளம்

ஏப்ரலில் மான்டி கார்லோ ஆண்கள் டென்னிஸ் தொடங்கியதும் செய்திகளில் 'கிளே கோர்ட்' என்பதற்கு "களிமண் தரை" வந்து உட்கார்ந்துவிடும். பார்சிலோனா, மாட்ரிட், ரோம் என்று சுற்றி, ஜூனில் பிரெஞ்சு ஓபன் முடிகிறவரை எழுந்திருக்காது. ஸ்பெயின் வீரர் நடால், பாரிஸில் நடக்கும் அந்தப் பிரெஞ்சு ஓபனை 14 முறை வென்றதையும் களிமண்ணில் வென்றதாகவே எழுதினார்கள். அவர் ஆடிய இடத்தின் மேற்பரப்பில் களிமண் கிடையாது.

களி என்றால் குழைவு. உளுந்தங்களி கிண்டிய கைக்கு விளக்கம் தேவையில்லை. ஆங்கிலத்தின் 'கிளே'யும் ஒட்டுதல் என்ற வேரிலிருந்து வந்ததுதான். அகராதிப்படி இரண்டும் பொருந்தும். ஆடுகளத்துக்குத்தான் பொருந்தவில்லை.

நெல்லைப் பக்கம் காருக்குறிச்சியில் பானை வனைய எடுக்கிறார்களே, அந்தக் குளத்து மண் களிமண். நனைந்தால் காலைப் பிடிக்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். பாரிஸ் ஆடுகளத்தில் மேலே கிடப்பது சுட்ட செங்கல்லின் பொடி; கனம் 1 முதல் 2 மில்லிமீட்டர். அதன் கீழே 6, 7 சென்டிமீட்டருக்கு நொறுக்கிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல், பிறகு நிலக்கரிக் கசடு, சரளை, அடியில் பெருங்கல். சூளையில் வெந்த மண்ணுக்குக் களித்தன்மை திரும்பாது. எத்தனை நாள் ஊறப்போட்டாலும் செங்கல் குழையுமா? தண்ணீர் கீழே இறங்குவதும், ஆட்டக்காரர் சறுக்கிக்கொண்டே போய் அடிப்பதும் அதனால்தான். பொடி அளவுக்கு மீறிக் காய்ந்தால் காற்றில் பறந்து கீழே உள்ள சுண்ணாம்புக்கல் தெரிந்துவிடும். அதற்காகவே தண்ணீர் தெளிக்கிறார்கள். ஆட்டத்தின் ஒரு பகுதியான செட் முடிந்ததும் தளத்தின்மேல் ஒரு வலையை இழுத்துப் பொடியை நிரவுகிறார்கள்.

1880களில் பிரான்சின் கான் நகரில் வெயிலில் கருகிய புல்தரைமேல் ஆங்கிலேய டென்னிஸ் வீரர்களான ரென்ஷா சகோதரர்கள் மண்பாண்ட ஓட்டைப் பொடித்துத் தூவியதே தொடக்கம் என்று சொல்வார்கள். அப்போதும் சுட்ட மண்தான்.

களிமண் வேண்டாம் என்றால் சிலர் "செம்மண் தரை" என்கிறார்கள். நெல்லைச் சீமைக்காரர்கள் இதை ஏற்கவே கூடாது. நமக்குச் செம்மண் என்றால் திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் மேடான குதிரைமொழித் தேரி. அங்கே நடந்தால் கால் புதையும், காற்றடித்தால் மேடு இடம் மாறும். அந்தச் சிவப்பு, மணலின்மேல் படிந்த இரும்புத் துருவின் நிறம். செங்கல் சிவப்பதற்கும் இரும்புதான் காரணம் என்பது உண்மையே. நிறம் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. மேலும் செம்மண் வெட்டி எடுப்பது. இது சுட்டு, இடித்து, சலித்துப் போடுவது. உள்ளூரில் மண்ணைக் கொட்டிக் கெட்டித்த கோர்ட்டை மண் கோர்ட் என்று சொல்லட்டும், அது சரி. பாரிஸுக்கு அந்தப் பெயர் ஆகாது.

தரை என்பதும் இங்கே தவறு. தரை கிடப்பது, தளம் போடுவது. மாடிக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்துப் போடுவதைக் கொத்தனார் தளம் என்றுதான் சொல்வார். பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் 'தேர் பத்யூ' என்ற பெயருக்கும் அடித்துக் கெட்டித்த மண் என்றே பொருள். அர்ஜென்டினாவில் நேராகச் செங்கல்பொடி என்றே சொல்கிறார்கள்.

கட்டட வேலையில் இந்தப் பொடிக்குச் சுர்க்கி என்ற பெயர் உண்டு. முல்லைப் பெரியாறு அணைச் செய்திகளில் அடிபடும் அதே சுர்க்கி. அது சிவப்பைக் குறிக்கும் பாரசீகச் சொல். புளியோடு செங்கல்பொடி சேர்த்துப் பித்தளைக் குடம் விளக்கிய வீடுகளுக்கு அந்தக் கடன்சொல் எதற்கு? செங்கற்பொடித் தளம், நீளம் என்றால் பொடித்தளம்.

மொழிபெயர்ப்பவர்கள் ஆட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினால் பாதிப் பிழை வராது. பாரிஸில் பந்து விழுந்த தடத்தை நடுவர் இறங்கிவந்து பார்க்கிறாரே, அது பொடியில் விழுந்த தடம். 2012இல் மாட்ரிட்டில் நீலச் சாயமேற்றிய பொடியைப் போட்டார்கள். வழுக்குகிறது என்று நடாலும் ஜோகோவிச்சும் குறை சொன்னார்கள், மறு ஆண்டு சிவப்பே திரும்பியது. அதை நீலக் களிமண் என்றால் என்ன விளங்கும்? அமெரிக்காவில் பச்சையாக ஒன்று உண்டு. அது செங்கல்கூட இல்லை, நொறுக்கிய பாறை. அதற்குப் பச்சைக் கற்பொடித் தளம் என்று எழுதலாம்.