எல்லாவற்றையும் ஒரே வாளியில் கரைக்காதீர்கள்

இந்த மாதத்தில் கருகிப்போய் என்னிடம் வந்த நான்காவது செடி இது. காட்பாடியிலிருந்து ஓர் அம்மா தொட்டியோடு தூக்கிவந்தார். எட்வர்டு ரோஜா. இலை ஓரமெல்லாம் கருகி, வேர் பழுப்பேறிக் கிடந்தது. என்ன போட்டீர்கள் என்றேன். "யூரியா, டி.ஏ.பி., அசோஸ்பைரில்லம், பச்சைச் சாணம், நாலையும் ஒரே வாளியில் கரைத்து ஊற்றினேன் சார். எல்லாமே உரம்தானே?"

இல்லை அம்மா, எல்லாமே ஒரே மாதிரி உரம் இல்லை. யூரியாவும் டி.ஏ.பி.யும் ரசாயன உரங்கள். அசோஸ்பைரில்லம் உயிர் உரம்; பொட்டலத்தில் இருப்பவை உயிரோடுள்ள நுண்ணுயிரிகள். அவை காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துத் தருகின்றன. இன்னொரு உயிர் உரமான பாஸ்போபாக்டீரியா, மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) கரைத்துக் கொடுக்கிறது. கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் தயிர் ஆகுமா? அப்படித்தான் இதுவும். கெட்டியான உரக் கரைசலில் பெரும்பாலான நுண்ணுயிரிகள் செத்துப்போகும். 46 சதவீதம் தழைச்சத்துள்ள யூரியாவை அள்ளிக் கொட்டிய மண்ணில், பிழைத்தவையும் காற்றிலிருந்து சத்தைப் பிடிக்காமல் சும்மா இருந்துவிடும். கலந்தால் வேகம் கூடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உரக்கடைக்காரர் சொன்னாலும்தான்.

ரசாயன உரம் போட்டால் பதினைந்து நாள் கழித்தே உயிர் உரம். அதை மக்கிய தொழு உரத்தோடு பிசிறி, மண் ஈரமாக இருக்கும்போது மாலையில் இடுங்கள். வேருக்குப் பூசணக்கொல்லி ஊற்றிய வாரத்தில் வேண்டாம். பொட்டலத்தில் காலாவதித் தேதி பாருங்கள்; வேலூர் வெயிலில் கடை வாசலில் அடுக்கிவைத்ததை வாங்கவே வாங்காதீர்கள்.

பச்சைச் சாணம் தொட்டிக்குள் மக்கும்போது சூடேறி வேரைச் சுடும், வேர்ப்புழுவையும் கூட்டிவரும். மக்கிய சாணம் நாறாது, கையில் உதிரும். அதுவரை பொறுங்கள்.

இன்னொன்று. நம் பக்கத்தில் பல ஆழ்துளைக் கிணறுகளில் உப்புத் தண்ணீர்தான். அதையே ஊற்றிவந்தால் மண்ணில் களர்த்தன்மை (காரத்தன்மை) ஏறி, கொழுந்து இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறை. உடனே யூரியாவை எடுக்கிறீர்கள், அது இதற்கு மருந்தில்லை; மணிச்சத்து மிகுந்த டி.ஏ.பி.யைக் கூட்டினால் இன்னும் மோசம். மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்கக் கொடுங்கள். வேலூர் பக்கத்து விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் அப்படி என்ன தூரம்?

அந்த எட்வர்டு பிழைக்கவில்லை. பச்சையாக இருந்த இரண்டு குச்சிகளை வெட்டி, வெறும் செம்மண்ணிலும் மணலிலும் நட்டுக் கொடுத்தனுப்பினேன். துளிர் விடும்வரை எந்த உரமும் வேண்டாம் அம்மா, தயவுசெய்து.