அடைப்பை எடுக்காத பலூன்

“பலூன் வச்சு அடைப்பை எடுத்துட்டாங்க” என்பார்கள், இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஆஞ்சியோபிளாஸ்டி என்ற பலூன் சிகிச்சை முடிந்தவரின் வீட்டார். உண்மையில் அடைப்பை யாரும் எடுப்பதில்லை. அது அங்கேயேதான் இருக்கிறது. எடுக்காமலேயே பலூனால் ரத்தத்துக்கு வழி செய்யலாம் என்று இதயத்தில் முதலில் செய்து காட்டியவர் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக். 1939-இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் பிறந்தவர். சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் வேலை பார்த்தவர்.

அமெரிக்க டாக்டர் சார்லஸ் டாட்டர் 1964-லேயே கால் ரத்தக்குழாய் அடைப்புக்குள் ஒன்றைவிட ஒன்று பருமனான குழாய்களைச் செருகி வழி உண்டாக்கியிருந்தார். இதயத்தின் ரத்தக்குழாய்களுக்கு அது சரிப்படாது. அவற்றின் விட்டமே 3, 4 மில்லிமீட்டர்தான். ஒல்லியாக உள்ளே போய், போன இடத்தில் மட்டும் விரிய வேண்டும். சரி, பலூன்தான். ஆனால் ரப்பர் பலூன் உதவாது. நீளமான பலூனின் நடுவை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஊதிப் பாருங்கள்: பிடித்த இடம் அப்படியே இருக்கும், இரண்டு பக்கமும் புடைக்கும். ரத்தக்குழாயில் அப்படி ஆனால் அடைப்பு அசையாது, நன்றாக இருக்கும் பகுதிதான் கிழியும்.

குறித்த அளவுக்கு மேல் விரிய மறுக்கும் பலூன் பி.வி.சி. பிளாஸ்டிக்கில் அமைந்தது. வீட்டுச் சமையலறை மேசையில், மனைவியும் உதவியாளர் மரியா ஷ்லும்ப்பும் கைகொடுக்க, குரூன்ட்சிக் அதை வெட்டி ஒட்டிச் செய்து பார்த்தார். 1974-இல் கால் ரத்தக்குழாயில் பயன்படுத்தினார்.

1977 செப்டம்பர் 16 அன்று இதயத்துக்குப் போனார். நோயாளிக்கு வயது 38. தொடை இடுக்கு வழியாக, பலூன் பொருத்திய மெல்லிய குழாய் ஏறியது. அவர் விழித்தேதான் இருந்தார். ஒருவேளை தவறினால் பைபாஸ் செய்ய அறுவை மருத்துவர்கள் தயாராக நின்றார்கள். பலூன் விரிந்திருக்கும்வரை அந்த ரத்தக்குழாயில் ரத்தம் ஓடாது. ஆகவே எல்லாம் விநாடிக் கணக்குதான். இரண்டு முறை ஊதியதும் அடைப்புக்கு அப்பால் ரத்த அழுத்தம் ஏறியது; வழி திறந்துவிட்டது.

அடைப்பில் உள்ள கொழுப்பு அமுங்கிச் சுவரோடு படிந்துவிடுகிறது என்றுதான் அப்போது நினைத்தார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு: அடைப்பு விரிசல் விடுகிறது, சுவர் இழுபட்டு அகலமாகிறது. சொல்லப்போனால் இது அளந்து உண்டாக்கும் காயம். காயம் ஆறும்போது தழும்புத் திசு வளர்ந்து, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சில மாதங்களில் குழாய் மறுபடி குறுகியது.

1980-இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்துக்குப் போன குரூன்ட்சிக், 1985 அக்டோபர் 27 அன்று, தானே ஓட்டிய சிறு விமானம் விழுந்து, இரண்டாம் மனைவியோடு இறந்துபோனார். வயது 46. சுவர் மறுபடி சுருங்காமல் தாங்கிப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் மனிதர்களுக்குப் பொருத்தப்பட்டது அடுத்த ஆண்டுதான். இன்றைக்குப் பெரும்பாலான ஸ்டென்ட்களும் ஒரு பலூன் மேல் ஏறித்தான் உள்ளே போகின்றன.